கோவில் சுவரிலிருந்து மதுச்சாலை வாசலுக்கு

சனவரித் திங்கள் 6ஆம் நாள். கிழக்கிலிருந்து வந்த ஞானிகள் குழந்தை இயேசுவைக் கண்டு வணங்கியதை நினைவுகூரும் திருக்காட்சிப் பெருவிழா. நம் நாட்டில் இவ்விழா ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றப்பட்டுவிட்டதால், அந்த 6ஆம் நாள் சந்தடியின்றிக் கடந்துவிடுகிறது. இங்கிலாந்தில் லிங்கன்ஷயர் மாநிலத்தின் வடபுறத்தில் ஹாக்ஸி என்றொரு சிற்றூர் உண்டு. அங்கே அன்று ஒருவரும் வீட்டில் இருப்பதில்லை.

பிற்பகலில் கோவிலுக்கு முன்னுள்ள ஒரு கல்லின் மேல் 'கோமாளி' ஏறி நிற்பான். கந்தல் துணிகள் தைத்த உடை, கரி பூசிய முகம். அவன் ஊரை வரவேற்றுப் பேசிக்கொண்டிருக்கும்போதே, அவன் காலடியில் ஈர வைக்கோலைக் கொளுத்திப் புகை மூட்டுவார்கள். எதிரே வருபவனை வீழ்த்தலாம், ஆனால் காயப்படுத்தக் கூடாது என்பது அவன் அறிவிக்கும் சட்டம். அதன்பின் கூட்டம் வயலுக்குச் செல்லும். 'ஹூட்' எனப்படும், சுமார் இரண்டடி நீளமுள்ள தோல் உருளை ஒன்று மேலே வீசப்படும். நூற்றுக்கணக்கான ஆண்கள் அதைச் சூழ்ந்து, தோளோடு தோள் நெருக்கி, ஒரே உடலாகத் தள்ளத் தொடங்குவார்கள். எடுத்துக்கொண்டு ஓடக்கூடாது, எறியவும் கூடாது. தள்ள மட்டுமே செய்யலாம். சேறு, வேலி, கல்சுவர் எல்லாவற்றையும் கடந்து, பல மணி நேரம் இருட்டிலும் அந்த நெரிசல் நகரும். எதை நோக்கி? ஹாக்ஸியிலும் பக்கத்து வெஸ்ட்வுட்சைடிலும் உள்ள நான்கு மதுச்சாலைகளுள் ஒன்றை நோக்கி. மதுச்சாலை உரிமையாளர் தம் வாசற்படியில் நின்றபடி கை நீட்டி அந்தத் தோலுருளையைத் தொட்டுவிட்டால் ஆட்டம் முடிந்தது. அடுத்த ஆண்டு வரை அது அந்த மதுச்சாலையிலேயே தொங்கும்.

14ஆம் நூற்றாண்டில் மோபிரே குடும்பத்துச் சீமாட்டி ஒருத்தியின் தலைத்துணியைக் காற்று பறித்துச் சென்றதாகவும், வயலில் வேலைசெய்துகொண்டிருந்த 13 ஆட்கள் துரத்திப் பிடித்ததாகவும் ஊரார் கதை சொல்வார்கள். கதை அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் என்னை நிறுத்தியது கதையன்று. அந்த ஆட்டத்தின் பாதை. கோவிலின் முன்னுள்ள கல்லில் தொடங்கி, மதுச்சாலையின் வாசற்படியில் முடிகிறது. இங்கிலாந்தின் விழாக்களும் விளையாட்டுகளும் ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளில் நடந்துசென்ற வழியும் அதுவே.

குருமடத்தில் நாங்கள் திருச்சபை வரலாறு பயின்றபோது, ஆங்கிலேயர் உரோமையை விட்டுப் பிரிந்த செய்தியை எட்டாம் ஹென்றியின் திருமண வழக்கு, தாமஸ் மூரின் மறைசாட்சியம், துறவு மடங்களின் இடிப்பு என்ற தலைப்புகளில் எழுதித் தேர்ச்சி பெற்றோம். சாதாரண உழவனுக்கு அந்நாட்களில் எது பறிபோயிற்று என்று ஆசிரியர் கேட்கவுமில்லை, நாங்கள் சிந்திக்கவுமில்லை. ஏமன் டஃபி, ரொனால்டு ஹட்டன் போன்ற அறிஞர்களின் நூல்கள் 1990களில் வெளிவந்த பின்னரே அந்தக் கேள்வி பரவலாகப் பேசப்பட்டது.

இடைக்கால ஆங்கிலேயப் பங்கு எதனால் பிழைத்தது? உண்டியலால் மட்டுமன்று. 'சர்ச் ஏல்' எனப்பட்ட விருந்தாலும் பிழைத்தது. பங்கு மக்களே பார்லியை ஊறவைத்து 'ஏல்' மது வடித்து, தூய ஆவியார் பெருவிழாவை ஒட்டியோ பாதுகாவலர் திருநாளிலோ விற்பார்கள். அண்டை ஊரார் வருவார்கள்; ஆட்டம், பாட்டு, வில்வித்தை, கூத்து எல்லாம் நடக்கும். வந்த பணம் கோவில் கூரைக்கும் மணிக்கும் மெழுகுதிரிக்கும் போகும். இதற்கென்றே கோவிலை ஒட்டிக் 'கோவில் வீடு' ஒன்று கட்டியிருப்பார்கள். மது விற்றுக் கோவில் கட்டுவதா என்று நம் வாசகர்கள் முகம் சுளிக்கலாம்; நானும் முதலில் சுளித்தவன்தான். அந்தக் காலத்தில் மென்மையான பார்லி மது அவர்களுக்கு அன்றாட உணவின் பகுதி என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

டெவன் மாநிலத்தில் எக்ஸ்மூர் மேட்டு நிலத்தின் ஓரத்தில் மோர்பாத் என்னும் சிற்றூர். 33 குடும்பங்கள் மட்டுமே. 1520 முதல் 1574 வரை அங்கே பங்குத்தந்தையாக இருந்தவர் கிறிஸ்டோபர் ட்ரைக்கே. ஐம்பத்து நான்கு ஆண்டுகள் ஒரே பங்கு! நம் மறைமாவட்டத்தில் ஐந்தாண்டு முடிவதற்குள் பெட்டியைக் கட்டும் என் போன்றவர்களுக்குப் பொறாமை எழாமல் இராது. அவர் பங்கின் கணக்குகளை ஒவ்வோராண்டும் எழுதி, மக்கள் முன் வாசித்துக் காட்டி வந்தார். அந்த ஏடுகள் அழியாமல் நமக்குக் கிடைத்துள்ளன. அவற்றைக் கொண்டே டஃபி 2001இல் 'மோர்பாத்தின் குரல்கள்' என்னும் பொருள்படும் தலைப்பில் நூல் எழுதினார். இளைஞர்களுக்கு ஒரு நிதி, கன்னியருக்கு ஒரு நிதி, ஒவ்வொரு புனிதரின் விளக்குக்கும் ஒரு நிதி. அவற்றின் பொறுப்பு முறைவைத்து ஊராரிடம் சுற்றிவரும். இளைஞர்கள் தங்கள் 'ஏல்' விருந்தை நடத்திக் கோவிலுக்குப் பணம் சேர்ப்பார்கள். இந்த ஏற்பாடு முழுவதும் ஆறாம் எட்வர்டின் ஆட்சியில், 1548ஐ ஒட்டிக் குலைந்தது. விளக்குகள் அணைந்தன, நிதிகள் கலைந்தன, விருந்து நின்றது. கோவில் வருமானமும் அதோடு நின்றது. மறு ஆண்டு, 1549இல், புதிய மன்றாட்டு நூலுக்கு எதிராக மேற்கு மாநிலங்கள் கிளர்ந்தெழுந்தபோது, மோர்பாத் பங்கு தன் செலவில் ஐந்து இளைஞர்களை எக்ஸிட்டர் நகரை முற்றுகையிட்டிருந்த கிளர்ச்சிப் பாசறைக்கு அனுப்பியது. கிளர்ச்சி இரத்தத்தில் முடிந்தது. ட்ரைக்கே தம் மக்களோடு அவ்வூரிலேயே இருந்து, புதிய முறைக்குத் தலைவணங்கி, கடைசிவரை கணக்கெழுதினார். அவரைக் கோழை என்பாரும் உண்டு. எனக்கு அந்தச் சொல் வாயில் வரவில்லை.

அந்தக் கோவில் வீடுகள் என்னவாயின? இன்று டெவனில் ஹார்பர்ட்டன், ஹோல்ன், ராட்டரி ஆகிய ஊர்களுக்குச் செல்பவர்கள் கோவிலுக்கு அருகிலேயே 'சர்ச் ஹவுஸ் இன்' என்ற பெயர்ப்பலகையுடன் மதுச்சாலைகளைக் காண்பார்கள். பங்கு விட்ட தொழிலைத் தனியார் எடுத்துக்கொண்டார்கள்.

திருநாட்களின் மீது முதல் வெட்டு அதற்கும் முன்பே, 1536இல் விழுந்தது. அறுவடைக் காலமாகிய சூலை 1 முதல் செப்டம்பர் 29 வரையும், நீதிமன்றங்கள் நடக்கும் பருவங்களிலும் வரும் திருநாட்களுள் மிகச் சிலவற்றைத் தவிர மற்றவற்றில் எல்லாரும் வேலை செய்ய வேண்டும் என்று ஆணை பிறந்தது. விடுமுறை மிகுந்தால் சோம்பலும் களியாட்டும் மிகும், பயிர் வீணாகும் என்பது காரணம். அதே ஆணையில் இன்னொரு விதி: கோவில் நேர்ந்தளிப்பு விழாவை இனி ஊருக்கொரு நாளாகக் கொண்டாடக் கூடாது, நாடு முழுவதும் அக்டோபர் முதல் ஞாயிறன்றே கொண்டாட வேண்டும். ஊருக்கு ஊர் வேறுபட்ட நாட்களை ஒரே நாளாக்குவது ஆட்சியாளர்களுக்கு எப்போதுமே பிடித்தமான வேலை.

அவ்வாண்டு அக்டோபரில், வெஸ்ட்மர்லாந்தில் கிர்க்பி ஸ்டீபன் ஊர்க் கோவிலில், வரும் 18ஆம் நாள் புனித லூக்கா திருநாள் என்பதைத் துணைக்குரு பீடத்திலிருந்து அறிவிக்காமல் விட்டார். அரச ஆணை அப்படி. மக்கள் கொந்தளித்து எழுந்தார்கள். அவரை அறிவிக்க வைத்த பின்னரே அடங்கினார்கள். வட இங்கிலாந்தில் 'அருளின் திருப்பயணம்' என்று பெயர்பெற்ற பெருங்கிளர்ச்சி அந்நாட்களில் மூண்டது. அதற்குக் காரணங்கள் பல. வரி உண்டு, மடங்களின் அழிவு உண்டு. ஆயினும் ஒரு சிற்றூரில் பொறி விழுந்தது அறிவிப்பு நேரத்தில் விடுபட்ட ஒரு திருநாளால்தான்.

1541இல் வந்த சட்டம் விளையாட்டுகளையே பிடித்தது. கைவினைஞர், உழவர், கூலியாட்கள், மாலுமிகள், பணியாட்கள் ஆகியோர் சீட்டு, பகடை, டென்னிஸ், பந்துருட்டல், வளையம் எறிதல் முதலியவற்றைக் கிறிஸ்துமஸ் காலத்தில் மட்டுமே, அதுவும் எசமானரின் வீட்டில் அல்லது அவர் முன்னிலையில் மட்டுமே ஆடலாம். மக்கள் வில்வித்தையை மறந்துவிடுவார்கள், படைக்கு ஆள் கிடைக்காது என்பது அரசின் கவலை. செல்வர்களுக்கு இந்தத் தடை பெரும்பாலும் இல்லை. இச்சட்டத்தின் பெரும்பகுதி நீங்க 1845 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இங்கே என் பாவசங்கீர்த்தனம் ஒன்றையும் செய்துவிடுகிறேன். துணைப் பங்குத்தந்தையாக இருந்த இளமையில், ஒரு பங்கில் பாதுகாவலர் திருவிழாவின் கடைசி நாள் விளையாட்டுகளில் குடித்துவிட்டுச் சிலர் சண்டையிட்டார்கள் என்பதற்காக, மறு ஆண்டு உறியடி, சறுக்குமரம் அனைத்தையும் நிறுத்தினேன். கோவில் முற்றம் அமைதியாக இருந்தது, பெருமையாகவும் இருந்தது. இரண்டாண்டுகளுக்குள் அதே சறுக்குமரம் ஊருக்கு வெளியே, சாராயம் விற்ற இடத்துக்குப் பக்கத்தில் நடப்பட்டது. முன்பு தாய்மார்களும் சிறுவர்களும் சுற்றி நின்று பார்த்த ஆட்டத்தை அங்கே ஆண்கள் மட்டும் பார்த்தார்கள்.

ஆகவே, சாமர்செட் மாநிலத்து 'ஃபைவ்ஸ்' ஆட்டத்தின் வரலாறு எனக்கு அந்நியமாகத் தோன்றவில்லை. கையால் பந்தைச் சுவரில் அடித்து ஆடும் ஆட்டம் அது. அதற்கு உயர்ந்த, வழவழப்பான சுவர் வேண்டும். சிற்றூரில் அத்தகைய சுவர் கோவிலுக்கு மட்டுமே உண்டு. ஆகவே கோபுரத்தின் அடியில் ஆடினார்கள். மார்ட்டக் ஊர்க் கோவிலில், கூரைமேல் போய்விட்ட பந்தை எடுக்க ஏறுவதற்காகச் சுவரில் குடைந்த கால்குழிகளை இன்றும் காட்டுகிறார்கள். கண்ணாடிச் சாளரங்கள் உடைந்தன; குருக்கள் சினந்தார்கள்; விரட்டினார்கள். அப்போது மதுச்சாலைக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? தங்கள் கொல்லையில் தனிச் சுவரே எழுப்பினார்கள். ஸ்டோக்-சப்-ஹாம்டனிலும் ஹிண்டன் செயின்ட் ஜார்ஜிலும் மதுச்சாலைகளின் பின்னே அச்சுவர்கள், கூரையற்ற கோவில் முகப்புகளைப் போல, ஓங்கி நிற்கின்றன.

இதே சாமர்செட்டில்தான் 1630களில் ஊர்த் திருவிழாக்கள் அரசியலாயின. அதற்கு முன்கதை உண்டு. 1617இல் முதலாம் ஜேம்ஸ் மன்னர் ஸ்காட்லாந்திலிருந்து லங்காஷயர் வழியாகத் திரும்பியபோது, ஞாயிறு பிற்பகலில் தங்களை ஆடவிடுவதில்லை என்று மக்கள் முறையிட்டார்கள். 'பியூரிட்டன்' எனப்பட்ட தூய்மைவாதியரின் கெடுபிடி அது. மன்னர் மக்களின் பக்கம் நின்று, மறு ஆண்டு நாடு முழுவதற்குமாக 'விளையாட்டு நூல்' எனப்பட்ட அறிக்கையை வெளியிட்டார்: வழிபாடு முடிந்தபின் நடனம், வில்வித்தை, தாவுதல், மே மாதக் களியாட்டு ஆகியவை தகும்; கரடியையும் காளையையும் நாய்விட்டுக் கடிக்கச்செய்தல் தகாது. ஆனால் கோவிலுக்கு வராதவர்களுக்கு இந்த உரிமை கிடையாது. கத்தோலிக்க மறையை விடாமல் பற்றியிருந்தவர்கள் லங்காஷயரில்தான் மிகுதி. அவர்களுக்கு வழிபாடும் இல்லை, விளையாட்டும் இல்லை.

சாமர்செட்டில் நீதிபதி ரிச்சர்ட்சன் திருவிழாக்களைத் தடைசெய்து, அந்த ஆணையைக் கோவில்களிலேயே வாசிக்கச் செய்தார். பேராயர் லாட் வெகுண்டார். பாத் மற்றும் வெல்ஸ் ஆயர் பியர்ஸ், தம் மறைமாவட்டத்தில் 72 குருக்களிடம் கருத்துக் கேட்டு, திருவிழாக்கள் பகைமை தீர்க்கவும் ஏழைகளுக்கு உதவவும் பயன்படுகின்றன என்று எழுதியனுப்பினார். 1633இல் சார்ல்ஸ் மன்னர் விளையாட்டு நூலை மறுபடியும் வெளியிட்டு, எல்லாக் குருக்களும் அதைப் பீடத்திலிருந்து வாசிக்க வேண்டுமென்றார். மறுத்தவர்கள் பதவியிழந்தார்கள். ஒருவர் அந்த அறிக்கையையும் பத்துக் கட்டளைகளையும் அடுத்தடுத்து வாசித்து, மனிதனுடையதையும் கடவுளுடையதையும் கேட்டீர்கள், விரும்பியதைக் கடைப்பிடியுங்கள் என்று சொல்லி இறங்கியதாகச் சொல்வார்கள். தூய்மைவாதியரை வெறும் முசுடுகள் என்று நான் ஒதுக்கமாட்டேன். ஓய்வுநாள் ஆண்டவருடையது என்று அவர்கள் உண்மையாகவே நம்பினார்கள்.

பாராளுமன்றத்தின் ஆணைப்படி 1643இல் அந்நூல் கொலைத்தண்டனை நிறைவேற்றுபவன் கையால் எரிக்கப்பட்டது. 1647இல் கிறிஸ்துமஸ், உயிர்ப்பு, தூய ஆவியார் விழா மூன்றும் ஒழிக்கப்பட்டன; ஈடாக மாதந்தோறும் இரண்டாம் செவ்வாய் பணியாட்களுக்கும் மாணவர்களுக்கும் பொழுதுபோக்கு நாள் என்றார்கள். செவ்வாய்க்கிழமை எப்படித் திருநாளாகும்? அவ்வாண்டு கிறிஸ்துமஸ் அன்று காண்டர்பரி நகரத் தலைவர் கடைகளைத் திறக்கச் சொன்னார். மக்கள் கடைகளை மூடவைத்து, தெருவில் கால்பந்துகளை உருட்டிவிட்டார்கள். கலகம் மறு ஆண்டு கெண்ட் மாநில எழுச்சியாக வளர்ந்தது.

1660இல் அரசர் திரும்பினார், விழாக்களும் திரும்பின. ஆனால் அவற்றை நடத்திய பழைய பங்கு அமைப்பு திரும்பவில்லை. அந்த வெற்றிடத்தில் நின்றவர் மதுச்சாலைக்காரர். இடம் அவருடையது, பரிசு அவருடையது, இலாபமும் அவருடையது.

மதுச்சாலைக்குள் புகுந்த ஆட்டங்கள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்ட விதம் வியப்பானது. ஆக்ஸ்ஃபர்ட்ஷயரில் 'ஆன்ட் சாலி': இரும்புக் கம்பியின் மேல் நிற்கும் வெள்ளை மரப்பொம்மையை, பத்துக் கெஜத்துக்கு அப்பாலிருந்து ஆறு கட்டைகளை எறிந்து வீழ்த்த வேண்டும், கம்பியில் முதலில் பட்டால் கணக்கில்லை. அங்கிருந்து சற்றுத் தொலைவு போனால் அந்த ஆட்டத்தின் பெயரையே அறியாதவர்கள். கெண்டில் 'பேட் அண்ட் டிராப்': நெம்புகோல் பொருத்திய மரப்பெட்டியிலிருந்து எழும்பும் பந்தை, 21 கெஜத்துக்கு அப்பாலுள்ள இரு கம்பங்களுக்கிடையே அடித்து அனுப்ப வேண்டும். சசெக்ஸில் லூயிஸ் நகரை ஒட்டி ஈயத்தகடு வேய்ந்த மேசையின் நடுத்துளையில் பித்தளை வில்லைகளை எறிவார்கள். ஒன்பது மரக்குற்றிகளை வீழ்த்தும் 'ஸ்கிட்டில்ஸ்' மேற்கே நீண்ட தளத்தில் பந்து உருட்டி ஆடப்படுகிறது; நார்தாம்ப்டன்ஷயரில் அதே ஆட்டம் தோல் வேய்ந்த மேசையின் மேல், 'சீஸ்' என்றழைக்கப்படும் மர வில்லைகளை வீசி ஆடப்படுகிறது; இலண்டனில் அந்தச் 'சீஸ்' பத்து இராத்தலுக்கும் மேற்பட்ட கனத்த கட்டை. உலகம் ஒன்றென எண்ணும் 'டார்ட்ஸ்' பலகையிலும் மான்செஸ்டர் பலகை வேறு. பத்து அங்குலமே விட்டம், உச்சியில் 20க்குப் பதில் 4, மும்மடங்கு வளையம் இல்லை; மரத்துண்டாகையால் வெடிக்காமல் நனைத்தே வைக்க வேண்டும். யார்க்ஷயர் பலகை இன்னொரு விதம்.

ஏன் இந்த வேற்றுமை? ஊர்த்தச்சன் கடைந்து தந்த கட்டை, உள்ளூர் மது வடிப்பாளர் கொடுத்த பரிசுக் கோப்பை, வேலை முடிந்து மாலையில் நடந்துபோய் ஆடித் திரும்பக்கூடிய தொலைவு. இம்மூன்றும் சேர்ந்து வரைந்த எல்லைகள் அவை என்பது என் எண்ணம். பழைய மறைவட்டங்களின் எல்லையும் ஏறத்தாழ ஒரு நாள் நடைதானே.

இதை எழுதுகையில், குடியால் தாலியைத் தவிர எல்லாவற்றையும் அடகு வைத்த நம் பங்குத் தாய்மார்களின் முகங்கள் கண்முன் வருகின்றன. மதுச்சாலையை நான் புனிதமாக்கவில்லை. 1830இல் வந்த பீர்ச் சட்டம், வரி செலுத்தும் எவரும் இரண்டு கினி கட்டி பீர்க்கடை திறக்க வழிசெய்தது. அதன் கேடுகளைக் கண்டவர்கள் லங்காஷயரில் பிரஸ்டன் நகரில் 1832இல் முழு மதுவிலக்கு உறுதிமொழி எடுத்தார்கள். கர்தினால் மேனிங் 1870களில் இலண்டனின் ஏழைக் கத்தோலிக்கர் நடுவே 'சிலுவைச் சங்கம்' அமைத்துக் குடியை எதிர்த்துப் போராடினார். அவர் செய்தது சரியே. ஆனால் உழைப்பாளி கூட்டாக மகிழ வேறிடம் எது என்ற கேள்விக்கு விடை அப்போதும் எளிதாக இல்லை.

நம்மவருக்கு மிகவும் உறுத்துவது பெரிய வெள்ளி. சசெக்ஸில், கிராலிக்கு அருகே டின்ஸ்லி கிரீன் என்ற ஊரில், மதுச்சாலைக்கு முன்னால் ஒவ்வொரு பெரிய வெள்ளியும் கோலிக்குண்டுப் போட்டி நடக்கிறது. 1932 முதல் அது முறையான வாகைப் போட்டி. ஆறடி வட்டத்தில் 49 குண்டுகள், முதலில் 25ஐ வெளியே தள்ளுபவர் வெற்றியாளர். அதன் வேர் பழையது: அப்பகுதியில் சாம்பல் புதனன்று தொடங்கிப் பெரிய வெள்ளி நண்பகலோடு முடியும் தவக்கால ஆட்டம் கோலி. நண்பகலுக்குப் பின் ஆடக்கூடாது என்ற வரம்பில், மூன்று மணி நேரச் சிலுவைத் தியானத்தின் நிழல் எனக்குத் தெரிகிறது. பிரைட்டன் கடற்கரையில் மீனவக் குடும்பங்கள் அன்று நீண்ட கயிற்றைச் சுழற்றிக் குதித்தாடின; இரண்டாம் உலகப் போரில் கடற்கரை மூடப்படும் வரை அது நடந்தது.

இவர்களுக்கு இறையச்சம் இல்லையா? அப்படித் தீர்ப்பிடுமுன் நாட்காட்டியைப் பார்க்க வேண்டும். இங்கிலாந்து வங்கி ஒரு காலத்தில் ஆண்டுக்கு 33 புனிதர் நாட்களிலும் திருநாட்களிலும் மூடியிருந்தது. 1834இல் அவை நான்காகச் சுருங்கின. 1833ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் பிள்ளைத் தொழிலாளருக்கு உறுதிசெய்த முழு விடுமுறைகள் இரண்டே: கிறிஸ்துமஸ், பெரிய வெள்ளி. மற்ற நாட்களையெல்லாம் பிடுங்கிவிட்டு, மிஞ்சிய ஒரு நாளில் ஏன் ஆடுகிறாய் என்று கேட்பது நியாயமா?

1871இல் ஜான் லபக் கொண்டுவந்த வங்கி விடுமுறைச் சட்டம் சில திங்கட்கிழமைகளை மீட்டுத் தந்தது. அதிலும் வட்டார வேறுபாடு. இங்கிலாந்துக்கு உயிர்ப்பு விழாத் திங்கள், தூய ஆவியார் விழாத் திங்கள்; திருநாட்களையே ஒதுக்கிய ஸ்காட்லாந்துக்கு அவற்றுக்குப் பதில் புத்தாண்டும் மே திங்களும். ஸ்காட்லாந்தில் கிறிஸ்துமஸ் பொது விடுமுறையானது 1958இல்தான். இங்கிலாந்தில் தூய ஆவியார் விழாத் திங்களை 1971இல் எடுத்துவிட்டு மே மாதக் கடைசித் திங்களை வைத்தார்கள். வசதிக்காக. அந்தத் திங்களை 2018இல் திருத்தந்தை பிரான்சிஸ் 'திருச்சபையின் அன்னை மரியா' நினைவு நாளாக்கினார். திருவழிபாட்டில் ஏறியது, விடுமுறையில் ஏறவில்லை.

சட்டத்தைக் கேளாமல் தன் வழியில் சென்றது லங்காஷயர். 1536இல் ஒரே நாளுக்கு மாற்றச் சொன்ன நேர்ந்தளிப்பு விழாக்களை மக்கள் மாற்றவேயில்லை. மண்தரைக் கோவில்களில் பரப்ப நாணற்புல்லை வண்டியில் ஏற்றி ஊர்வலமாகக் கொண்டுசெல்லும் அந்த 'வேக்ஸ்' விழா, நூற்பாலைகள் வந்தபின் வார விடுமுறையாயிற்று. பாதி ஆட்கள் வராத ஆலையை ஓட்டுவதைவிட மூடிக் கொதிகலனைப் பழுதுபார்ப்பதே மேல் என்று முதலாளிகள் கண்டுகொண்டார்கள். ஓல்டாமுக்கு ஒரு வாரம், பர்ன்லிக்கு ஒரு வாரம், பிளாக்பர்னுக்கு வேறொன்று. ஆண்டு முழுதும் சிறுசேமிப்பில் பணம் போட்டு, அவ்வாரம் ஊரே இரயிலேறிப் பிளாக்பூல் கடற்கரைக்குப் போனது. ஊதியத்தோடு விடுமுறை என்ற சட்டம் 1938இல்தான் வந்தது. ஆலைகள் மூடிய பின் இந்த வாரங்களும் மங்கின.

மதுச்சாலை ஆட்டங்களும் இன்று குறைந்து வருகின்றன. தொலைக்காட்சி இலண்டன் பலகையை உலகெங்கும் கொண்டுபோனது. மான்செஸ்டர் பலகை கைவிட்டு எண்ணும் இடங்களுக்குள் ஒடுங்கியது. 'தொன்மை' என்று விற்கப்படுவன எல்லாம் தொன்மையுமல்ல. பீரில் நனைத்த துணியை எறிந்தாடும் சஃபோக் ஆட்டம் ஒன்று 1960களில் சில நண்பர்கள் வேடிக்கையாகப் புனைந்தது.

ஆனால் கிழக்கு இலண்டனில் 'கைம்பெண் மகன்' என்று பெயர்கொண்ட ஒரு மதுச்சாலையில், கப்பலுக்குப் போன ஒரே மகன் பெரிய வெள்ளிக்கு வருவான், அவனுக்கொரு சிலுவை அப்பம் எடுத்து வையுங்கள் என்று ஒரு தாய் சொன்னதாகவும், அவன் வராமலே போனதாகவும் கதை. பெரிய வெள்ளிதோறும் ஒரு கடற்படை வீரர், கூரையில் தொங்கும் வலையில் இன்னோர் அப்பத்தைச் சேர்ப்பது அங்கு வழக்கம்.

கடைசியாக லெஸ்டர்ஷயரின் ஹாலட்டன். காளையிடமிருந்து இரு சீமாட்டிகளைக் குறுக்கே ஓடிய முயலொன்று காப்பாற்றியதாம். அதன் நன்றிக்காகப் பங்குக்குருவுக்கு நிலம் விட்டு, உயிர்ப்பு விழாத் திங்களன்று முயற்கறி அடையும் அப்பமும் 'ஏல்' மதுவும் ஏழைகளுக்கு அவர் தர வேண்டும் என்று விதித்தார்களாம். அன்று மாலை, மெட்போர்ன் ஊராரோடு சிறு மரப்பீப்பாய்களுக்காக ஓடைக்கு ஓடை மல்லுக்கட்டும் ஆட்டமும் உண்டு. 1790இல் அவ்வூர்க் குரு, இந்தக் கூத்து வேண்டாம், பணத்தை வேறு நற்செயலுக்குத் திருப்பலாம் என்றார். அடை இல்லையேல் குருவும் இல்லை, கண்ணாடி பதிப்பவனுக்கு வேலை உண்டு என்னும் பொருள்பட அவர் இல்லச் சுவரில் மறுநாள் எழுதப்பட்டிருந்தது. அவர் விட்டுக்கொடுத்தார். இன்றும் அந்தத் திங்களன்று ஊர்வலம் மதுச்சாலையிலிருந்து புறப்பட்டுக் கோவில் வாயிலுக்கு வருகிறது. அங்கே அடையை மந்திரித்து வெட்டிக் கொடுப்பவர், அவ்வூர்க் குருதான்.